முத்திரை இல்லாத சான்றிதழ்

அய்யாசாமி டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தின் விவசாய மானியப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். மாவட்டங்களுக்குப் போகிற பணத்தின் கோப்பெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும். காரியமாக வருகிறவர்கள் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடமாட்டார். கை சுத்தமானவர் என்ற பெயர் அவருக்குப் பெரிது.

1999 மார்ச் கடைசியில் அவருடைய சொந்த மாவட்டத்துக் கோப்பு வந்தது. சொட்டுநீர்ப் பாசன மானியம், இரண்டாம் தவணை. விவசாயி கடன் வாங்கிக் குழாய் போட்டுவிட வேண்டும். மானியம் பிறகு வரும். அப்படிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களில் அவர் மனைவி தங்கத்தின் தம்பி சுப்பையாவும் ஒருவன்.

முதல் தவணையைச் செலவழித்ததற்கு மாவட்ட அலுவலகம் தந்த சான்றிதழில் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. மார்ச் அவசரத்தில் இது சகஜம். ‘முத்திரையிட்ட பிரதி பின்னர் பெறப்படும்’ என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். அந்த வாரமே நான்கு மாவட்டங்களுக்கு அய்யாசாமி அப்படி எழுதியிருந்தார்.

பேனாவைத் திறந்தபோது பக்கத்து மேசை வைத்தி எட்டிப் பார்த்தார்.

“என்ன ஓய், மாமியார் வீட்டு ஃபைலா? ஜல்தியா தள்ளும்! மச்சினன் காத்துண்டிருப்பான்.”

நாலு பேர் சிரித்தார்கள். வெறும் கேலிதான். ஆனால் அய்யாசாமிக்குக் காது சுட்டது. வழக்கமான அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. முத்திரை ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்.

பதில் ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்தது. அதற்குள் நிதியாண்டு முடிந்து, ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிட்டது. புது வருடத்தில் திட்டத்தையே மாற்றினார்கள். பழைய பாக்கிக்கு அதில் இடமில்லை. சுப்பையா வங்கிக் கடனை அடைக்க, கிணற்றோடு இரண்டு ஏக்கரை விற்றான்.

இரண்டு வருடம் கழித்து அக்காவைப் பார்க்க டெல்லி வந்தான். தங்கம் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், அய்யாசாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மாப்ளே, அந்த ஃபைல நாந்தான் திருப்பி அனுப்புனேன். முத்திரை இல்ல.”

“தப்பு எங்க பக்கம்னா நீங்க என்ன பண்ணுவீக மச்சான்?” என்றான் சுப்பையா. பிறகு கேட்டான்: “மத்த ஜில்லாவுக்கும் அப்படித்தான் திருப்புனீகளா?”

அய்யாசாமி எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

சுப்பையா கோபப்படவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான். இன்னும் நாலு நாள் இருப்பதாகச் சொன்னவன், தங்கம் வந்ததும், “ஊர்ல வேலை கெடக்குக்கா” என்றான். மறுநாளே ரயிலேறிவிட்டான்.

2004இல் அவன் இறந்த செய்தி வந்தது. நெஞ்சுவலியாம்.

“மூணு வருசமா கூப்புடாத நாளில்ல. ஒரு தடவகூட இங்க வரலையே, ஏங்க?” என்று தங்கம் சுவரில் சாய்ந்து அழுதாள்.

அய்யாசாமி பெட்டியில் வேட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தார்.

“லீவு எத்தன நாளுக்குப் போடட்டும்?” என்றார்.