தேய்ந்த கிக்கர்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை ஏறாவூர் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் நானா எஞ்சின் மூடியைக் கழற்றியதும் கரிந்த ஒயில் மணத்தது. கிக்கர்ச் சக்கரத்தை எடுத்து என் கையில் வைத்தார். பற்கள் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன.

"கிளட்ச் தட்டெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு, தங்கச்சி. ஓடாத வண்டியிலதான் இப்பிடி ஒட்டும். ஆனா கிக்கர் பல்லு தேஞ்சி போச்சு. ஓட்டாம சும்மா உதைச்சது ஆரு?"

அம்மாதான்.

டயரில் காற்றில்லாத ஒருநாள் அப்பா வாழைச்சேனைக்கு பஸ்ஸில் போனார். திரும்பி வரவேயில்லை. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுவார்.

"அவர் வாற நேரம் வண்டி பழுதாகிக் கிடக்கப்படாது, புள்ள."

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது பள்ளிக்கூடம் விட்டு வாவிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். "அப்பா வந்துட்டார்!" என்று கத்திக்கொண்டு செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். முற்றத்தில் புகைக்கு நடுவில் அம்மா மட்டும் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை நிற்பாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் உதைக்கமுன் உரக்கச் சொல்லுவார்: "புள்ள, நான்தான் ஸ்டார்ட் பண்ணுறன்."

நானா புதுச் சக்கரம் போட்டு உதைத்தார். ஒரே உதையில் அதே சத்தம். 'நான்தான்' என்று முன்கூட்டிச் சொல்ல அம்மா இல்லை. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.