ஆறு டிகிரி பொறாமை

எண்பதுகளின் தொடக்கத்தில், அதாவது ஐந்து வருஷத்துக்கு முன்னால், தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கோடை விடுமுறைக்கு முன்னால் பள்ளிகளுக்கிடையே ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். தலைப்பு, உலகத் தட்பவெப்பமும் மக்களும். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலைவனத்துக்கு மஞ்சள், மழைக்காட்டுக்குப் பச்சை என்று சார்ட் முழுக்க உலகப் படம் வரைந்து வண்ணம்கூடத் தீட்டிவிட்டேன்.

ஆனால் புவியியல் டீச்சர் என்னிடம் ஒரு தெர்மாமீட்டரும், என் வகுப்புப் பெண் இன்னொருத்தியிடம் ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்து, தினமும் பள்ளி விட்டுப் போய் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் அளந்து எழுதச் சொன்னார். நல்ல நோட்டு கண்காட்சிக்குப் போகும்.

அந்த இன்னொருத்திதான் என் வயிற்றெரிச்சல். தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து வருபவள். அவள் அம்மா ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். நோட்டுக்கு அட்டைகூடப் போட்டிருக்க மாட்டாள். ஆனால் அவள் கை தூக்கினால் டீச்சர் முகம் மலரும். நான் தூக்கினால், "உனக்குத் தெரியும், உக்காரு" என்பார். எப்படி இருக்கும் எனக்கு?

முதல் வாரக் கணக்கை ஒப்பிட்டபோது, ஒவ்வொரு நாளும் அவள் எண் என்னுடையதைவிட ஆறு டிகிரியாவது கூட இருந்தது. ஒரே ஊர், ஒரே நேரம். மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. "டீச்சர், இவ மனசுக்குத் தோணினத எழுதியிருக்கா" என்று வகுப்பு முன்னாலேயே போட்டு உடைத்தேன்.

அழுவாள் என்று பார்த்தேன். "வந்து பாருடி. அப்பறம் நானும் ஒன் வீட்டுக்கு வரேன்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் என் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரே அறை. மேலே தகரம். அனல் காற்று பட்டு இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த அவள் அம்மா, தலையில் ஈரத்துண்டோடு தரையில் படுத்திருந்தார். "அந்த ஓரமா ஒக்காரும்மா, இங்க தகரத்துச் சூடு நேரா அடிக்கும்" என்றார். இரண்டு தெர்மாமீட்டரையும் சேர்த்து மாட்டினோம். இரண்டும் அவள் எண்ணைத்தான் காட்டின.

நான் விடவில்லை. "வெளியில நிழல்லதான்டி அளக்கணும்."

"வெளிய யாருடி இருக்கா? நாங்க இதுக்குள்ளதான இருக்கோம்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி. குழாயில் தண்ணி வரல. அம்மா ரெண்டு வீட்டுக்குப் போகல. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு வாந்தி. தலைப்பில் 'மக்களும்' என்று ஒரு சொல் இருந்ததே, என் சார்ட்டில் ஒரு மனுஷர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஒனக்கென்ன, தகரக் கூரை இருக்கு. எனக்கும் இருந்தா நானும் எழுதியிருப்பேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவளோ சிரித்தாள். "அச்சா. கூரைய நீ எடுத்துக்கோ, ஒன் வீட்டு கூலர எனக்குக் குடு. ஜல்தி, இன்னிக்கே மாத்திக்கலாம்."

எங்கள் வீடு இருந்த ஆர்.கே.புரம் வரைக்கும் பஸ்ஸில் நான் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் சொன்னபடி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பால்கனியில் நல்ல நிழல் என்று நான் தெர்மாமீட்டரை மாட்டியிருந்த இடம், ஜன்னல் கூலரின் இரும்புச் சட்டம். தண்ணீர் சொட்டும் வெட்டிவேர்த் தட்டிக்கு ஒரு சாண் தள்ளி. அவள் சட்டத்தைத் தொட்டு, நனைந்த விரலை என்னிடம் காட்டினாள். தெர்மாமீட்டரைக் கழற்றிப் பால்கனியின் அந்தக் கோடியில் நிழலில் மாட்டினோம். பாதரசம் மடமடவென்று ஏறியது. அவளுடைய எண்ணைத் தொடவில்லை, ஆனால் பொய் எழுதியது யார் என்று தெரிந்துபோயிற்று.

கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உள்ளே வந்தவள் கூலருக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் நின்னுக்கறேன்டி" என்றாள். நான் இன்னும் வேகமாக ஓடும்படி சுவிட்சைத் திருகிவிட்டேன். அன்றைக்கு அவளுக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, தப்பான கணக்கு என்னுடையது என்று சொன்னேன். கண்காட்சிக்கு அவள் போனாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தமே வராமல்.

இப்போது கல்லூரியில் நான் புவியியல்தான் படிக்கிறேன். புத்தகத்தில் ஓர் ஊருக்கு ஓர் எண்தான் போட்டிருக்கிறது. அந்த வெயிலில் யார் வேலைக்குப் போகவில்லை, யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று கேட்காமல் என்னால் பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை. அந்தக் கேள்வி எனக்கு முன்னால் அவளுக்குத் தோன்றிவிட்டதே என்ற பொறாமையும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.