எழுபது காட்டிய சூரைக்குழம்பு

சட்டியின் மூடியைத் திறந்தால் எறிக் மணம் பார்ப்பதில்லை. சட்டைப் பையில், மற்றவர்கள் பேனை குத்தும் இடத்தில் இருக்கும் வெப்பமானியை எடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கறியின் நடுவில் குத்துவார். இலக்கம் ஓடி நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார்.

"அறுபதுக்குக் கீழ போனா அது கறியில்லை, கிருமியளின்ர கலியாணவீடு."

மன்னாரில் பிறந்து, புலம்பெயர்ந்து பென்டில் ஹில்லில் குடியிருக்கும் எறிக்குக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அந்த வேலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாத மனிதர். மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் மாதா பெருநாள் சாப்பாடென்றால் வாசலில் முதல் ஆளாக நிற்பார். கார்களிலிருந்து துவாய் சுற்றிய சட்டிகள் கைக்குழந்தைகளைப் போல இறங்கும். "டொக்டர் நிக்கிறார், ஊசி போட்டுத்தான் உள்ள விடுவார்" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். போன வருடம் பங்குச் சுவாமியாரின் கட்லட்டையே திருப்பி அனுப்பியவர். கோபித்தவர்கள் உண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இல்லை.

இந்த வருடம் அவர் மனைவி றொசானாவின் சூரைமீன் குழம்பு வந்தது. அந்த மணத்துக்கே பாதி வரிசை திரும்பிப் பார்த்தது. குத்திய வெப்பமானி ஊசி எழுபதைக் காட்டியது.

"அன்ரி பாஸ்!" என்று கோழிக்கறியோடு பின்னால் நின்ற நிரூபா கைதட்டினாள்.

எறிக்கின் முகம் செத்துப்போனது. காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோது இதே சட்டி குசினி அடுப்பில் ஆறிக் கிடந்ததைக் கண்டவர் அவர். வீட்டுக்காக்கும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார். ஓர் இரவு ஊறினால்தான் மீன்குழம்பு என்பது றொசானாவின் வேதவாக்கு.

வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. திறந்தால் வீட்டில் நிம்மதி கிடையாது. பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சாருமப்பா, இது இரவு முழுக்க வெளியில கிடந்தது. சூரையில ஊறின நஞ்சு, சூடாக்கினாலும் போகாது."

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான் வச்சவ. ஆர் செத்தது?"

"சின்னனுகள் சாப்பிடப் போகுதுகள்."

றொசானா சட்டியிலிருந்து கையை எடுத்தார். குழம்பு குப்பைப் பைக்குள் போனது. எறிக் சட்டியைத் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சோறும் நிரூபாவின் கோழிக்கறியும் போட்ட தட்டை மனைவிக்கு முன்னால் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றார்.

றொசானா நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"முதல் அந்த ஊசியைத் தாங்கோ."

வாங்கிப் பஞ்சால் துடைத்தார். கோழிக்காலின் நடுவில் குத்தினார். இலக்கம் ஓடி நிற்கும்வரை இருவரும் மூச்சு விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.