மேசைக்குக் கீழே மொழிபெயர்ப்பு

பேசாத பிள்ளையிடம் போய், "எங்கை, ஒரு பாட்டுப் பாடுங்கோ பாப்பம்!" என்று கேட்ட மடையன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிள்ளையின் பெயர் மிதுனா. நான்கு வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஓல்னே என்ற புறநகரில் அவர்கள் வீட்டுக் குசினியில் அடுப்பிலிருந்து தீப்பிடித்தது. எல்லோரும் தப்பிவிட்டார்கள். ஆனால் அன்றோடு பிள்ளையின் பேச்சு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலும் இல்லை, தாயிடமும் இல்லை.

தாய் தர்சினிக்கு ரூ காய் என்ற தெருவில் நான் மரக்கறி வாங்கும் கடையில் வேலை.

"அண்ணை, தாயும் பிள்ளையும் சேர்ந்து தெரபிக்கு வரவேணுமாம். எனக்குப் பிரெஞ்சு காணாது. வந்து மொழிபெயர்த்துச் சொல்லுவியளோ? அவள் ஒரு சொல்லுக் கதைச்சாக் காணும்."

முப்பது வருடப் பிரெஞ்சு அல்லவா... நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

லா சப்பல் பகுதியில் ஒரு சின்ன அறை. பாய், பொம்மைகள், ஒரு மேசை. தெரபி செய்யும் மதாமின் சட்டம் ஒன்றுதான்: பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள், ஏவாதீர்கள். அவள் போகிற வழியில் கூடவே போங்கள்.

கேள்வி கேட்காமலா? நம்மவர்களா? பெயர் என்ன, ஒன்று இரண்டு சொல்லு, அம்மாவைப் பிடிக்குமா அப்பாவையா — அகதி விண்ணப்பம் விசாரிக்கும் அதிகாரியே நம்மிடம் தோற்றுப்போவார்! முதல் நாள் ஐந்தாவது நிமிடமே நான் பிள்ளையிடம் பாட்டுக் கேட்டேன். மதாம் என்னை மூலைக் கதிரையில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஐந்தாவது தடவை. தெருவில் தீயணைப்பு வண்டி அலறியது. மிதுனா பாய்ந்து மேசைக்குக் கீழே ஒளிந்தாள். வழக்கம்போல தர்சினி, "ஒண்டுமில்லையம்மா, வெளியாலை வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்க வேண்டாம்," என்றார் மதாம். "நீங்களும் உள்ளே போங்கள்."

தர்சினி தவழ்ந்து போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தானாகவே சொன்னார்: "எனக்கும் அண்டைக்குச் சரியான பயம், செல்லம்."

என் முப்பது வருடப் பிரெஞ்சில் அதை மதாமிடம் சொல்வதற்குள் இரண்டு தடவை பிழைவிட்டேன்.

"நல்லது, அப்படியே இருக்கட்டும்," என்று மதாம் கிசுகிசுத்தார். அதைத் தாயிடமும் கிசுகிசுக்க வேண்டாமா? கடமை உணர்ச்சி! நானும் தவழ்ந்தேன். தலை போனது. தோள் போனது. வயிறு... போகவில்லை. மேசையே ஆடியது.

மிதுனா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான்கு மாதங்களுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"மாமா, இஞ்சை இடமில்லை."