முதலாளியின் பேத்தியும் திருப்பாத சீட்டும்

1. தாய்மாமன் சீர்

லாரி ஓட்டியது போதும் என்று முட்டிக்கால் சொன்ன பிறகு கோவில்பட்டியில் ஆக்டிங் டிரைவர் ஆனேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போது கூப்பிடுவார்கள். வண்டி அவர்களுடையது, ஸ்டியரிங் மட்டும் என்னுடையது. இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிமார்கள் ஆட்டோமேட்டிக் கியர், சென்சார், கேமரா என்று எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வண்டிக்குள் இருப்பவர்களைச் சமாளிக்க ஒரு சென்சாரும் கிடையாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் என்னை முதன்முதலாகக் கூப்பிட்டது, பாளையங்கோட்டையில் இருந்து மருமகளையும் பேத்தியையும் அழைத்து வருவதற்கு. தாய் வீட்டில் பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம். மருமகள் பெயர் கவிதா, பள்ளிக்கூட டீச்சர். பிள்ளை பெயர் இனியா. முதலாளியின் மகன் கார்த்திக் அவருடன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். வீட்டில் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது அவனுடைய இன்னொரு வேலை.

சம்பந்தி வீட்டு வாசலில் சீர் சாமான்கள் வரிசையாக இருந்தன. தொட்டில், வெள்ளி அரைஞாண், பழத்தட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் பிள்ளைக்குச் செய்த சீர் என்றார்கள். பிரித்தால் உள்ளே குழந்தைகளுக்கான கார் சீட்.

நான் அதுவரை அப்படி ஒன்றைக் கையால் தொட்டதில்லை. எல்லா சீட்டும் முன்னால் பார்த்துத்தானே இருக்கும் என்று பின்சீட்டில் அப்படியே வைத்தேன்.

“அண்ணாச்சி, அத அப்பிடியே திருப்பிப் போடுங்க. பாப்பா பின்கண்ணாடியப் பாத்து உக்காரணும்” என்றார் கவிதா.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது? பச்சப்பிள்ள எங்க யாரையும் பாக்காம சாய்மானத்தப் பாத்துக்கிட்டா வரும்? வாத்தியார் சுவத்தப் பாத்து நிப்பாட்டுத மாதிரில்லா இருக்கு. அது என்ன குத்தம் செஞ்சிது?”

“மாமா, பாப்பாவுக்கு ஒடம்புல தலைதான் கனம். கழுத்துக்கு இன்னும் வலு வரல. சடன் பிரேக் போட்டா தலை முன்னால பாயும். முன்னால பாத்து இருந்தா அந்த இழுப்பு பூரா கழுத்துலதான் வரும். இப்பிடி இருந்தா தலை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் சீட்டு தாங்கிக்கிடும்.”

எனக்கும் முதலில் இது டீச்சர்மார் செய்யும் அலட்டல் என்றுதான் பட்டது. பிறகு யோசித்தேன். லாரியில் கண்ணாடி லோடு ஏற்றும்போது கேபின் பக்கத்துப் பலகையோடு ஒட்டித்தான் சாய்த்து அடுக்குவோம். இடைவெளி விட்டால் முதல் பிரேக்கிலேயே நொறுங்கிப் போகும். இவ்வளவு வருஷம் கண்ணாடிக்குப் பார்த்த பக்குவத்தைப் பிள்ளைக்குப் பார்க்கச் சொன்னால் எனக்கு ஏன் வலிக்கிறது?

“முதலாளி, பிரேக் போட்டா லோடு முன்னாலதான் போவும். ஒட்டுனாப்புல தாங்கல் இருந்தாத்தான் ஒடையாது. அம்மா சொல்லுதது சரிதான்” என்றேன்.

“ஓம் லோடும் எம் பேத்தியும் ஒண்ணாவே?” என்று என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். ஆனால் அது தாய்மாமன் சீர். சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

பின்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதனால் எப்போதும் முன்சீட்டுதான். அன்றைக்கு ரோட்டைப் பார்க்காமல் பேத்தியையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். தெரிந்தது சீட்டின் முதுகும் துணித்தொப்பியின் நுனியும்தான். கயத்தாறில் டீ குடிக்க நிறுத்தியபோது அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. டீயை வாங்கிக் குடிக்கக்கூட முகத்தைத் திருப்ப முடியவில்லை. கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு தைலத்தை எடுத்து நீட்டினார்.

2. தாம்பாளம்

அதன் பிறகு அந்த வீட்டுக்கு நான்தான் நிரந்தர ஆக்டிங். தடுப்பூசிக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு எல்லாவற்றுக்கும் போனேன். சீட்டை மாட்டுவது என் வேலை ஆனது. முட்டியால் சீட்டை அமுக்கிக்கொண்டு பெல்ட்டை இழுத்துப் பூட்ட வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு இஞ்சுக்கு மேல் அசையக் கூடாது. பிள்ளையின் தோள்வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலுக்குள் மடிப்பு சிக்கக் கூடாது. கவிதா ஒவ்வொரு தடவையும் கிள்ளிப் பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு அவருக்கு முன்னால் நானே கிள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலாளி விடவில்லை. ஒருநாள் கிளம்பும் நேரத்தில் பார்த்தால், கடையில் இருந்து பளபளவென்று ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து பின்சீட்டு ஹெட்ரெஸ்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பிள்ளை முகம் அதில் விழும், முன்சீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. முகம் விழுந்ததோ இல்லையோ, பைபாஸில் ஏறியதும் எட்டையபுரத்துப் பக்கமிருந்து வந்த காலை வெயில் முழுவதும் அதில் விழுந்து, என் ரியர்வியூ கண்ணாடியில் தெறித்து, என் கண்ணுக்குள் இறங்கியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

“முதலாளி, ஒண்ணு தாம்பாளம் எறங்கணும், இல்ல நான் எறங்கணும்.”

கவிதா கயிற்றை அவிழ்த்தார். “வண்டி முட்டுனா இதுதான் மாமா மொதல்ல பறந்து வரும்” என்று மட்டும் சொன்னார். முதலாளி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை அதில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளை மேல் அப்படி ஒரு உயிர் அவருக்கு.

அன்றைக்கு ஒரு கெடு வைத்தார். “சரிம்மா, ஒரு வயசு ஆவட்டும். ஒரு வயசானா திருப்பிறலாம்னு கடைக்கு வாரவியெல்லாம் சொல்லுதாவ.”

“வயசுக் கணக்கு இல்ல மாமா. இந்தச் சீட்டுக்கு எடை, உயரம் எவ்வளவுன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கான். அது வர்றவரைக்கும் இப்பிடி இருந்தாத்தான் நல்லது.”

“கால் இப்பமே இடிக்குதே!”

“சம்மணம் போட்டு உக்காந்துக்குவா. தலைக்கு மேல இடம் இருக்கான்னுதான் பாக்கணும்.”

முதலாளி காதில் இது ஏறவில்லை. நாள்காட்டியில் பிறந்தநாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. சாமிக்கு முதுகு

ஒரு வயது முடிந்ததும் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். பசுவந்தனை தாண்டி, தார் ரோட்டில் இருந்து கரிசல் காட்டுக்குள் வண்டித்தடம் வழியாகப் போக வேண்டிய கோயில். முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவி வைக்கப் போயிருந்தேன். வீட்டுக்குள் சத்தம் கேட்டது.

“பிள்ள மொதமொதல்ல குலசாமியப் பாக்கப் போவுது. அது சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டா போவும்? நாளைக்கு ஒரு நாளு திருப்பு தாயி. அப்புறம் ஒன் இஷ்டம்.”

“நாளைக்கும் ரோட்டுல லாரி ஓடத்தானே மாமா செய்யும்?”

“அப்பம் நான் கோயிலுக்கு வரல.”

சொல்லிவிட்டு முதலாளி அறைக்குள் போய்விட்டார். அவர் வராமல் பேத்திக்கு மொட்டை போட முடியாது. தாய்மாமன் பாளையங்கோட்டையில் இருந்து வந்து இறங்கியாகிவிட்டது, கிடாய்க்குச் சொல்லியாகிவிட்டது. கார்த்திக் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கார் டயரை உதைத்துப் பார்த்தான். கவிதா வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

“அண்ணாச்சி, அவிய மனசு நோவக் கூடாதுன்னுதான் நானும் பாக்குதேன். ஆனா இதுல மட்டும் என்னால வளைஞ்சு குடுக்க முடியாது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு மூஞ்சில முழிப்பேன்?”

ரெண்டு பேருக்கும் ஒரே பிள்ளை, ஒரே பாசம். யார் பக்கம் பேசுவது? வண்டியைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். சீட்டைத் திருப்பக் கூடாது, சரி. வண்டியைத் திருப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

அறை வாசலில் போய் நின்றேன். “முதலாளி, தார் ரோடு முடியுத எடத்துல வண்டியத் திருப்பி, கோயில் வரைக்கும் ரிவர்ஸ்லயே கொண்டுபோறேன். பாப்பா பின்கண்ணாடி வழியா சாமியப் பாத்துக்கிட்டே போவும். சரியா?”

உள்ளே இருந்து தலை மட்டும் வெளியே வந்தது. பிறகு, “ரிவர்ஸ்ல ஒம்மால முடியுமாவே?” என்றார்.

“லாரியவே சந்துக்குள்ள ரிவர்ஸ்ல விட்டவன் முதலாளி.”

மறுநாள் தார் ரோட்டு முனையில் வண்டியைத் திருப்பினேன். முந்தின ராத்திரி கோடை மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டயரோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். முதலாளி இறங்கிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் தள்ளி ஒரு ஓரமாக நின்று, கையைக் காட்டி வழி சொல்ல ஆரம்பித்தார்.

“வரட்டும், வரட்டும்... லெப்ட்ல ஒடி... அங்கன பள்ளம் கெடக்கு... வரட்டும்!”

ஆமை வேகத்தில் போனேன். முதலாளியின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த காலில் கிடந்ததையும் உதறிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கோயிலில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். “ஏலே, வண்டி பின்னால வருதுடே!” என்று யாரோ கத்தினார்கள். உள்ளே இனியா கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கோயிலை நெருங்கும்போது பூசாரி முதலாளியைக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார்: “அண்ணாச்சி, பிள்ள சாமியப் பாத்துத்தான் வருது. நீங்கதான் ரோட்டுல இருந்தே சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு வாரீய!”

முதலாளி அப்படியே நின்றார். வண்டியைப் பார்த்தபடியே வழி சொல்லிக்கொண்டு வந்ததில், அவர் வழி முழுவதும் பின்னோக்கியே நடந்து வந்திருக்கிறார். திரும்பிச் சாமியைப் பார்த்தார், சேற்றுக் காலைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. கவிதாவும் சிரித்துவிட்டார். நேற்றுச் சாயங்காலத்தில் இருந்து என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போட்டு, காது குத்தினார்கள். திரும்பும்போது பிள்ளை வீறிட்டு அழுதது. அம்மா தூக்கியும் அடங்கவில்லை, கார்த்திக் கிலுகிலுப்பை ஆட்டியும் அடங்கவில்லை. தாத்தாவைத்தான் பார்த்துக் கையை நீட்டியது. சீட்டில் உட்கார வைத்து வாரை மாட்டியதும் முதலாளி பின்கதவைத் திறந்து அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“மாமா, ஒங்களுக்குக் குமட்டுமே!” என்றார் கவிதா.

“ஒரு எலுமிச்சம்பழத்தக் குடு தாயி, பாத்துக்கிடுதேன்.”

பழத்தை மோந்துகொண்டே பேத்தியைக் கொஞ்சம் சாய்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் முழுசாகத் தெரிகிறது. இத்தனை மாதமாகக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டதும் தாம்பாளம் கட்டியதும் எதற்கு? அவர் விரலைப் பிடித்துக்கொண்டே பிள்ளை தூங்கிவிட்டது. கோவில்பட்டி வரும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. அன்றிலிருந்து முன்சீட்டு கவிதாவுக்கு, பின்சீட்டு முதலாளிக்கு. குமட்டல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

4. திருப்பிய நாள்

அதற்குப் பிறகு வெகுநாள் கழித்து ஒருநாள் கவிதா அளக்கும் டேப்போடு வந்தார். இனியா அப்போது வண்டியில் வாயை மூடாமல் கதை சொல்லும் பிள்ளை ஆகியிருந்தாள். தலை சீட்டின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவும் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, இன்னைக்குத் திருப்பிரலாம்” என்றார்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. “நல்லா அளந்தியாம்மா? தலையில கொண்ட போட்டிருக்கா, அதையும் சேத்து அளந்திருப்ப.”

“கொண்டைய அமுக்கிட்டுத்தான் மாமா அளந்தேன்.”

“இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே இருக்கட்டுமே. என்ன இப்பம் அவசரம்?”

நானும் கார்த்திக்கும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கவிதா சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது. “பக்கத்துல நீங்கதானே மாமா உக்காரப் போறிய” என்று மெதுவாகச் சொன்னார்.

சீட்டைக் கழற்றி முன்னால் பார்க்கத் திருப்பினேன். தோள்வாரைத் தோளுக்கு மேல் இருக்கும் ஓட்டைக்கு மாற்றி, மேல் பட்டையைப் பின்னால் கொக்கியில் பூட்டி, ஆட்டிப் பார்த்தேன். தம்பிமார்களே, எப்போது திருப்பலாம் என்று கஸ்டமர் உங்களிடம் கேட்டால் பிறந்தநாளைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சீட்டில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், அதுவரை பொறுங்கள். பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். பெரியவர்களைத்தான் நாம் கொஞ்சம் பக்குவமாகக் கொண்டுபோக வேண்டும்.

வண்டி பைபாஸில் ஏறியது. இனியா முதல் தடவையாக முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள். லாரியைப் பார்த்துக் கத்தினாள், காற்றாலையைப் பார்த்துக் கத்தினாள், ஆட்டுக்கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். தாத்தா பக்கத்தில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

“தாத்தா இங்கன இருக்கேன்ட்டி” என்று முதலாளி விரலை நீட்டினார். அவள் அதைத் தள்ளிவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

ரியர்வியூ கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. “என்ன முதலாளி, திரும்பியும் பாக்க மாட்டேங்காளே?” என்றேன்.

“அவ ரோட்டப் பாக்கட்டும்வே. நான் அவளப் பாத்துக்கிட்டு வாரேன். நீரு பாத்துப் போவும்” என்றார்.