தொண்ணூறு கிலோ சீட்டு

"இந்த மேடையில ஏறின ஒருத்தனும் இதுவரைக்கும் என்னை ஏமாத்திட்டு இறங்கினதில்லை. ஏமாத்தப் போறவன் இனிமேதான் பிறந்து வரணும்."

டன் இப்படி முழங்கியபோது எதிரே பதினோரு லாரி ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பதினோரு பேருமே வெவ்வேறு நாளில் அவரிடம் பிடிபட்டவர்கள்.

டன் என்பது அவருக்கு யாரும் வைத்த பெயரல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடையில் அவருக்கு இருபத்தாறு வருடமாக வேலை. மேடையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் எண் காட்டும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், ஒரு சுழல் நாற்காலி, நாற்காலி நிரம்பி வழிய நூற்று ஐம்பத்திரண்டு கிலோவில் அவர். மணலில் தண்ணீர் ஊற்றி எடையை ஏற்றிக் கொண்டுவந்தால், சொட்டும் சத்தத்தை வைத்தே எத்தனை குடம் என்று சொல்லிவிடுவார். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்தி எடையைக் குறைக்கப் பார்த்தால், நாற்காலியை விட்டு அசையாமல் ஒலிபெருக்கியில் பேசுவார்.

"தம்பி, உன் பின் சக்கரம் வெளியே வேடிக்கை பார்த்துட்டு நிக்குது. கூப்பிட்டு உள்ளே வெச்சுக்க."

அப்பேர்ப்பட்டவருக்கு இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. சர்க்கரை நோய் கொடுத்த பரிசு. ஐந்து மாதம் அது ஆறவேயில்லை. தினமும் காலையில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்து, அந்தக் கனத்த காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டு மாற்றினார். கடைசியில் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள். விரலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும், எடை குறைய வேண்டுமென்றால் வயிறு குறைய வேண்டும். கட்டைவிரலுக்காக வயிற்றைத் தியாகம் செய்த மனிதர் என்ற பெருமை டன்னுக்குக் கிடைத்தது. அவருடைய வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவுக்கு ஒரு பை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "வயித்தைச் சின்னதாக்கறதுதான் என் வேலை. அதோட ஒழுங்கா குடித்தனம் பண்றது உங்க வேலை. எடை திரும்பி ஏறினா சர்க்கரையும் கூடவே வரும். வந்ததும் முதல்ல அந்த விரலைத்தான் தேடும்."

முதல் வருடம் டன் சாப்பிட்ட அழகைப் பார்க்கக் கூட்டம் கூடாததுதான் ஆச்சரியம். ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல் என்று கட்டளை. ஓர் அவித்த முட்டையை முப்பத்தைந்து நிமிடம் சாப்பிட்டார், ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் போன்ற முகத்தோடு. முதலில் முட்டை, மீன், பருப்பு, பிறகு காய், இடம் மிச்சமிருந்தால்தான் சோறு. இடம் எங்கே மிச்சமிருக்கும்? சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முன்னும் பின்னும் அரை மணி நேரம் கழிய வேண்டும். பதினான்கு மாதத்தில் எண்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கினார். சர்க்கரை மாத்திரை நின்றது. புண் ஆறியது. ஓட்டுநர்களுக்கு மட்டும் அவர் டன்னாகவே இருந்தார். பழகிய பெயரை யார் போய் வெட்டித் தைப்பது?

இங்கே ஒரு காகித விவகாரம் வருகிறது. வீட்டில் இருந்த தராசின் கண்ணாடியை டன் தன் பழைய காலத்திலேயே மிதித்து உடைத்திருந்தார். புதிது வாங்கலாம் என்றார் மனைவி.

"எதுக்கு? முத்திரை போட்ட எடை மேடையே என் கையில இருக்கு. அறுபது டன்னைத் தாங்கற மெஷின், என்னைத் தாங்காதா?"

மனைவி ஒரு பதிவு அலுவலகத்தில் ஆவணப் பிரிவு. நேரில் வந்து நிற்கும் ஆளைவிட, அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழை நம்பும் ரகம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டன் மேடையில் ஏறி நின்றார். எதிரே ஜூஸ் கடை வைத்திருப்பவர் கண்ணாடி அறைக்குள் வந்து பொத்தானை அமுக்கினார். தேதி, நேரம், "90 கிலோ" என்று அச்சடித்து வந்த சீட்டை மனைவி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.

லாரிக்காகச் செய்த மேடை சில்லறை பார்க்காது. பத்துப் பத்தாகத்தான் எண்ணும். எண்பத்தாறும் அதற்குத் தொண்ணூறு, தொண்ணூற்று நான்கும் தொண்ணூறு.

சில்லறை சேர ஆரம்பித்தது ஜூஸ் கடையில்தான். முட்டை வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, ஐஸ்கிரீம் போட்டு அடித்த மில்க் ஷேக்கோ வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பதை டன் ஒரு வெயில் நாளில் கண்டுபிடித்தார். ஒரு டம்ளர் போன பிறகும் உள்ளே இடம் அப்படியே காலியாக இருந்தது.

"அண்ணே, உங்களுக்கு இது ஆகுமா?" என்றார் ஜூஸ் கடைக்காரர், அடித்துக்கொண்டே.

"சாப்பிடும்போது குடிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நான் எங்கே இப்ப சாப்பிடறேன்?"

"அது சரி. மெல்லணும்னு போட்டிருக்காமே?"

"அதையும் பண்ணிடறேன்."

ஒவ்வொரு வாய் மில்க் ஷேக்கையும் டன் இருபத்தைந்து முறை மென்றார். அந்த விஷயத்தில் அவர் மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இடையில், டீயில் ஊறிக் கரைந்துபோன பிஸ்கட்டுகள். கரைந்துவிட்டால் அதுவும் பானம்தானே. பேன்ட் இடுப்பில் ஏறாமல் அடம்பிடித்தது.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு போலிருக்குங்க," என்றார் மனைவி, குளிர்பெட்டிக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு. "எடை அதேதானே இருக்கு."

ஒரு திங்கட்கிழமை பெட்டியில் 100 என்று எரிந்தது.

"அண்ணே, நூறு காட்டுது. அமுக்கட்டுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இரு, இரு. அவசரப்படாதே."

டன் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தரையில் வைத்தார். நூறு. செருப்பைக் கழற்றினார். நூறு. மூச்சை இழுத்துப் பிடித்தார், மேடை அசரவில்லை. பிறகு, ஏதோ கால் மாற்றி நிற்பது போல மெல்லப் பின்னால் நகர்ந்து, வலது குதிகாலை மேடைக்கு வெளியே சிமெண்ட் தரையில் ஊன்றினார்.

"இப்ப தொண்ணூறு!"

"அமுக்கு."

இப்படி நான்கு மாதம். குதிகாலை வெளியே வைத்து நின்றுவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்து, அன்றே, பின் சக்கரத்தை வெளியே விட்ட ஓட்டுநரை ஒலிபெருக்கியில் கிழித்துத் தோரணம் கட்டினார். எதிலும் குரல் தடுமாறவில்லை.

ஆனால் தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஒரு பாட்டில் தண்ணீர் காலி செய்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. செருப்பு வார் உரசி இடது கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் மறைந்துபோகிற கீறல். பத்தாவது நாள் அது ஓரத்தில் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டினார். அன்றிலிருந்து வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார். தரை குளிர்கிறதாம்.

அந்த வாரமே மருத்துவமனையில் பரிசோதனை நாள். உணவு ஆலோசகர் அறைக்குள் நுழையும்போதே டன்னுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அதிர்ஷ்டம் என்பது ஆள் பார்த்து வராது போலிருக்கிறது.

"தராசு ரிப்பேருக்குப் போயிருக்கு சார். வீட்டுல பார்த்தீங்களா, எவ்வளவு இருக்கீங்க?"

மனைவி கைப்பையிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்தார். எட்டு மாதச் சீட்டுகள், தேதி வாரியாக, மூலையில் ஊசி குத்தி.

"தொண்ணூறு மேடம். ஒரு வாரம்கூட ஏறலை. எல்லாம் முத்திரை வெச்ச மெஷின்."

ஆலோசகர் கோப்பைப் புரட்டிப் பார்த்து வியந்தார். "இவ்வளவு ஒழுங்கா வெச்சுக்கிட்ட ஆளை நான் பார்த்ததேயில்லை. அப்படியே எழுதிடறேன். எடை நிலையா இருக்கறதால இன்னிக்கு ரத்தம் எடுக்க வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

பேனா 9 என்று எழுதியது. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏதோ பள்ளியில் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்பது போல. அவர் மடியில், ஐந்து மாதம் அந்தக் காலைத் தாங்கிய இடத்தில், கோப்பு இருந்தது.

"மேடம், அதை அடிச்சிடுங்க," என்றார் டன்.

"எதை?"

"ஒன்பதை. ரத்தமும் எடுத்துக்கங்க."

"ஏன் சார், மெஷின் தப்பா காட்டுச்சா?"

"மெஷின் மேல தப்பில்லை. நின்னவன் ஒரு குதிகாலை வெளியே வெச்சிருந்தான்."

மனைவி கோப்பைப் பார்த்தார், பிறகு கணவரின் இடுப்பைப் பார்த்தார். துவைத்ததில் சுருங்கிய எல்லா பேன்ட்டும் அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

மருந்துக் கிடங்கில் பார்சல் எடை போடும் தராசு ஒன்று இருப்பதாக ஆலோசகர் சொன்னார். மூவரும் அங்கே போனார்கள். டன் செருப்பைக் கழற்றினார். சற்று யோசித்துவிட்டு, சாக்ஸையும் உருவினார். பிளாஸ்டர் பழுப்பேறியிருந்தது.

மனைவி குனிந்து பார்த்தார். நிமிர அவருக்கு நேரமாயிற்று.

"இதுக்கும் ஒரு சீட்டு வெச்சிருக்கீங்களா?"

"இல்லைம்மா."

"எத்தனை மாசமா சார் இப்படி நின்னீங்க?" என்றார் ஆலோசகர், பேனாவைத் திறந்துகொண்டு.

"நாலு மாசம். வாரா வாரம் என் கண்ணு முன்னாலதான் நின்னான்." டன் தராசின் நடுவில் ஏறி, இரண்டு குதிகாலையும் உள்ளே இழுத்து வைத்தார். "நான் பிடிக்கலை. நீங்க எழுதிக்கங்க, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."