முப்பத்து நான்கு பார் மௌனம்

போன கிழமை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இசைத்தாளோடு வந்தாள். பள்ளி வாத்தியக் குழுவில் அவளுக்கு ட்ரம். தாளின் நடுவில் ஒரு தடித்த கறுப்புக் கோடு, அதன் தலையில் 34 என்ற எண்.

"அப்பா, இதிலை முப்பத்திநாலு பார் நான் சும்மா நிக்கவேணுமாம். புர்குவா?" என்றாள். ஏன் என்பதைப் பிரெஞ்சில் கேட்டால்தான் அவளுக்குக் கேட்டமாதிரி இருக்கும்.

அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஈர மேலங்கிகளும் மெழுகுதிரியும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டோர்வல் விமான நிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. தட்டுக்கு ஒரு பணிஸ் ரொட்டி என்று எட்டு மணி நேரம் எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ட்ரம் அடிப்பேன். மன்னாரில் காதால் கேட்டுப் பழகிய அடி. எழுத்து ஒன்றும் தெரியாது. அந்த வருடம் உயிர்ப்பு விழாவுக்குப் பிரெஞ்சுக்காரரும் தமிழரும் சேர்ந்து ஒரே பூசை என்று முடிவாயிற்று. அவர்களுடைய பாடகர் குழுவை நடத்தும் ஜிசெல் அம்மையார் தாளை நீட்டி, வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். "உய், உய்" என்றேன். ஆம் என்ற அந்தச் சொல்தான் அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி.

என் பங்கு இவ்வளவே: நாலு எண்ணினால் ஒரு பார். அப்படி முப்பத்து நான்கு பார் சும்மா இருந்துவிட்டு, அது முடிந்ததும் சிம்பலில் ஒரே ஓர் அடி. பணிஸ் எண்ணியவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பணிஸ் கண்ணுக்குத் தெரியும், மௌனம் தெரியாது. ஒத்திகையில் ஒருநாள் முப்பதில் அடித்தேன், ஒருநாள் நாற்பதில். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். செபமாலை! பாருக்கு ஒரு மணி, பத்துப் பத்தாக மூன்று தரம், பிறகு ஒரு நாலு.

விழாவன்று கோயிலின் மேல்மாடத்தில் மாலையை உருட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பாடகி பிலோமினா அக்கா. என் பக்தியைக் கண்டு உருகிப்போய், தனக்குப் பாட்டு இல்லாத இடமாகப் பார்த்து என் காதருகே குனிந்தார்.

"ஆருக்காகத் தம்பி செபிக்கிறியள்?"

"பதினெட்டு" என்றேன், கணக்கை விட்டுவிடக் கூடாதே என்று.

"பதினெட்டு வயசோ! ஐயோ, பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

அவ்வளவுதான், எண்ணிக்கை போயிற்று. ஒரு குத்துமதிப்பில் ஓங்கி அடித்தேன். பெண்கள் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி மூச்சளவுக்குக் கொண்டுவந்திருந்த இடம் அது. பீடத்தில் பாதிரியாரின் மூக்குக்கண்ணாடி விழுந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. ஜிசெல் அம்மையாரின் கை அந்தரத்தில் நின்றது. இறங்கி ஓடிவிடலாம் என்றால் படி பிலோமினா அக்காவுக்குப் பின்னால் இருந்தது. அவரோ கண்ணை மூடி, அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்தார்.

பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் கோப்பியும் ரோல்ஸும். பிரெஞ்சுப் பங்குச் சபைத் தலைவர், அந்த அடி உங்கள் மரபா என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் சபைத் தலைவர் இம்மானுவேல் அண்ணை எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவர். ஆதிகாலத்து மரபு என்று அடித்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் வாயைத் திறவாதையும்."

ஜிசெல் அம்மையார் பென்சிலை எடுத்து, தாளில் அந்த இடத்தில் 'தமிழ் மரபு' என்று எழுதிக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அடுத்த வருடம் அந்த மரபைப் பிசகாமல் அதே இடத்தில் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதற்றத்தில் அந்த இடத்தைத் தவறவிட்டு, முப்பத்து நான்கும் முடிந்து மிகச் சரியாக அடித்தேன்.

"போன வருசம் எண்டால் மெய்சிலிர்த்தது. இந்த முறை பக்தி காணாது" என்றார் இம்மானுவேல் அண்ணை.

ஜிசெல் அம்மையார் மட்டும் என் தோளைத் தட்டி, "கடைசியில் எண்ணிவிட்டாய்" என்றார் பிரெஞ்சில். எல்லாம் தெரிந்துதான் அந்தப் பென்சிலை எடுத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மையார் இப்போது இல்லை. பிலோமினா அக்கா டொரன்டோவுக்குப் போய்விட்டார். தமிழ்ப் பூசை வேறொரு கோயிலில் நடக்கிறது. அங்கே கீபோர்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ட்ரம் தானாக அடிக்கும். பழைய கோயிலை விற்று வீடுகளாக்கிவிட்டார்கள். மகள் தாளோடு வந்த மறுநாள், வீடு வாங்க வந்தவன்போல உள்ளே போய்ப் பார்த்தேன். நாங்கள் நின்ற மேல்மாடம் இப்போது படுக்கையறை. வீட்டைக் காட்ட வந்த பெண் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"பாருங்கள், ஒரு சத்தமும் கேட்காது" என்றாள் பெருமையாக.

கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பார்த்தேன். உண்மைதான்.